வாய்க்காலுக்கு அப்பால்

அழகான ஊரில் நடக்கும்போது, அந்த அழகு யாருக்காக எழுந்தது என்றும் கேட்க வேண்டுமா? கேட்கத்தான் வேண்டும்.

ஓமந்தூரிலிருந்து குடும்பத்தோடு புதுச்சேரிக்குப் போயிருந்தோம். 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய பின் மீண்டும் எழுந்த நகரம் அது. கடலோரத் தெருக்களில் நடந்து வாய்க்காலை அடைந்ததும், "அப்பா, அந்தப் பக்கம் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?" என்றாள் மகள். கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர். பிரெஞ்சு ஆட்சியில் வாய்க்காலே எல்லை என்றேன். டூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் மேற்கில்தான் இருக்கிறது. எத்தனை செல்வாக்கு இருந்தும் கரை ஒன்றுதான்!

அந்நியனைப் பழித்துவிட்டு நாம் தூங்கிவிடலாமா? நம் கோயில் வாசல்களே பலருக்கு அடைத்துக் கிடந்தவை அல்லவா? எங்கள் ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோது, 1947இல், ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அந்நியன் ஆண்ட ஊரில் எல்லை கண்ணுக்குத் தெரிந்தது. நம் ஊர் எல்லைகளோ மனத்தில் ஓடுகின்றன.

அழகை ரசிப்போம், அதில் குற்றமில்லை. ஆனால் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மறு கரையிலும் நடப்போம். சட்டம் கதவைத் திறக்கும். "வாருங்கள்" என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.