அழகும் அச்சமும்

புங்குடுதீவில் மலையில்லை; ஆறில்லை; ஆகவே நீர்வீழ்ச்சியும் இல்லை. சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் தட்டை நிலம், பனைக்கூட்டம், வேலணையோடு தீவை இணைக்கும் நீண்ட பாலம், அதன் இருமருங்கும் ஆழங்குறைந்த கடல்: இவ்வளவே. ஆயினும், இயற்கையைப் படம்பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் இப்பக்கம் நாடி வருகின்றனர். மாரிகாலத்தில் வடதிசையிலிருந்து வரும் கரையோரப் பறவைகள் இந்நீரிலேதான் இரை தேடுகின்றன. குறிகட்டுவானில் படகேறினால் நெடுந்தீவு. அங்கே அந்நியர் ஆட்சிக்காலத்தின் எச்சமாகத் திரியும் கட்டைக்குதிரைகள்.

அழகை விரும்புவது குற்றமன்று. உழைப்பவனுக்கும் அழகு வேண்டும் என்றே நாம் சொல்லி வந்திருக்கிறோம். நம் கேள்வி வேறு. பிறிதோர் உயிரின் துன்பத்திலிருந்து அழகை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டா?

ஆட்காட்டிக் குருவியை எடுத்துக்கொள்வோம். அது வெட்டவெளித் தரையிலே, கூழாங்கற்களிடையே முட்டையிடுகிறது. கோடை வெயிலில் முட்டை வெந்துவிடாதபடி தாயும் தந்தையும் மாறிமாறி நிழல் தருகின்றன. வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கின்றன. கமராவோடு ஒருவர் நெருங்குகிறார். பறவை எழுந்து, சிறகை விரித்து, தலைக்கு மேலே கதறிச் சுழல்கிறது. படம் அற்புதமாக அமைகிறது! பார்ப்போர் அதனை நடனம் என்கின்றனர். உண்மையில் அது மன்றாட்டு. நிழலிழந்த முட்டைகள் வெயிலில் காய்கின்றன. காகம் அவற்றைக் கண்டுகொள்கிறது. இவை எவையும் படத்தில் இல்லை.

“மீனவரும்தான் நாள்தோறும் பறவைகளைக் கலைக்கின்றனர், அவர்களை ஏன் கேட்பதில்லை?” என்று வினவுவோர் உண்டு. மீனவன் கரைக்குப் போவது சோற்றுக்காக. போகாமலிருக்க அவனால் இயலாது. பொழுதுபோக்காளனோ விரும்பினால் திரும்பிவிடலாம். விலகிக்கொள்ளும் சுதந்திரம் எவனுக்கு மிகுதியோ, பொறுப்பும் அவனுக்கே மிகுதி. இந்த நீதியை மனித சமூகத்தில் நாம் ஏற்கிறோம். பறவையிடம் வரும்போது அதனை மறப்பதற்கு நியாயமில்லை.

“படங்களால் அன்றோ மக்கள் காட்டுயிரை நேசிக்கக் கற்றனர்?” என்பது மற்றொரு வாதம். இது வலிமையுள்ள வாதமே. தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) தாமே இணைத்தமைத்த கமராவால் கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தார்; 1950 முதல் வாழ்நாள் இறுதிவரை இயற்கையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். அவருடைய படங்களுக்குப் பின்னே நெடுங்கால அவதானிப்பு இருந்தது. அறிவைத் தேடிய கண் அது. ஆனால் ஆயிரம் பேர் எடுத்துவிட்ட முட்டைப் படத்தை ஆயிரத்தோராவது தடவை எடுப்பதால் உலகின் அறிவு வளர்வதில்லை; வளர்வது எடுத்தவரின் பெருமை மட்டுமே.

இதே பார்வை மனிதர் மீதும் விழுகிறது. 1990களின் தொடக்கத்தில் போரினால் தீவுமக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வீட்டுச் சுவரை ஆலம்வேர் பற்றிய காட்சி, படத்திலே இயற்கையின் வெற்றியாகத் தோன்றும். வீட்டுக்காரர் எங்கே என்று படம் கேட்பதில்லை. நெடுந்தீவில் 2015ஆம் ஆண்டு தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது; ஆயினும் அந்தி ஒளியில் நிற்கும் குதிரையின் வனப்பைக் காட்டும் படம், வறட்சியில் அது நீருக்கு அலைவதைக் காட்டாது விடலாம்.

ஆகவே கமராவைக் கீழே போடுங்கள் என்று நாம் கூறவில்லை. தொலைவில் நில்லுங்கள், கூட்டை நெருங்காதீர்கள், பறவை எழுந்தால் பின்வாங்குங்கள், படத்தோடு அதன் கதையையும் சொல்லுங்கள். ஆசிரியர்கள் வகுப்பறையில் ஓர் அழகிய படத்தைக் காட்டும்போது, “இந்தக் கணத்தில் இந்த உயிருக்கு என்ன நேர்ந்துகொண்டிருந்தது?” என்று மாணவரைக் கேட்கலாம். அக்கேள்வியைப் பறவையைப் பற்றிக் கேட்கப் பழகிய பிள்ளை, பின்னொருநாள் மனிதனைப் பற்றியும் கேட்கும்.