எண்ணெய் சூடாகும் வரை

பி.எம்.டபிள்யூ 2000 முதல் 2006 வரை தயாரித்த எம்3 காரின் ஆர்.பி.எம். மீட்டர் ஓரத்தில் சிறு ஆரஞ்சு விளக்குகள் உண்டு. குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பியதும் அவை எரியும். இந்த எல்லைக்கு மேல் இப்போது முடுக்காதே என்று அர்த்தம். எண்ணெய் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணையும். அதன் பிறகுதான் 8,000 சுற்றைத் தொடலாம்.

3.2 லிட்டர், ஆறு சிலிண்டர், 343 குதிரைத்திறன். இன்றைய மின்சாரக் குடும்பக் கார்கள் பலவும் சிக்னலில் இதை முந்திவிடும். எனவே, வேகத்துக்காக இதை வாங்குகிறேன் என்பவரை நான் நம்புவதில்லை. (மலிவு என்று வாங்குகிறவரை இன்னும் குறைவாக. வண்டிக்கு வயதானாலும் உதிரிபாகத்தின் விலைக்கு வயதாவதில்லை.)

ஜெர்மனியில் இதை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது சர்வீஸ் புத்தகத்தை. 10டபிள்யூ-60 எண்ணெய் மாற்றிய ரசீது, வால்வு இடைவெளி சரிபார்த்த ரசீது எல்லாம் இருக்கிறதா? அடுத்து வண்டியைத் தூக்கி, பின் அச்சைத் தாங்கும் தரைத்தகட்டில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். பிரேக், விளக்கு, துரு, புகை எல்லாவற்றையும் இரண்டாண்டுக்கு ஒருமுறை அரசு விதித்த சோதனையே பார்த்துவிடுகிறது.

கனெக்டிங் ராடு பேரிங்கை மட்டும் வாங்கும்போது பெரும்பாலும் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. இந்த இஞ்சினின் பலவீனமே அதுதான். தொடக்க ஆண்டு வண்டிகளில் நிறுவனமே திரும்பக் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தது. அந்தப் பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம். சூடாகாத எண்ணெயோடு முடுக்கினால் தேய்வது அங்கேதான். பனி பெய்த ஒரு காலையில், வேலைக்கு நேரமாகிவிட்ட முந்தைய உரிமையாளர், விளக்குகள் அணையும் வரை பொறுத்து ஓட்டினாரா? அதற்கு ரசீது கிடையாது. இவ்வளவு பணம் கொடுத்து நாம் வாங்குவது, முகம் தெரியாத சிலரின் தனிமைப் பொறுமையை.

வாங்கிய பிறகு அந்த முகம் தெரியாதவர் நாம்தான். நம் பொறுமைக்கும் ரசீது கிடையாது, விற்கும்போது ஒரு காசும் கூடுதலாகக் கிடைக்காது.

பலர் பழுதாகும் முன்பே இந்தப் பேரிங்குகளை மாற்றிவிடுகிறார்கள். கழற்றியதை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவராமல் வாங்கிப் பார்ப்பது நல்லது. சாம்பல் பூச்சு தேய்ந்து செம்பு எவ்வளவு தெரிகிறது என்பதில் முன்னவர்கள் ஓட்டிய விதம் ஓரளவு புரியும். புதிதாகப் போட்டதை என்றாவது கழற்றப்போகிற ஆளும் அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.