இரண்டு கையையும் விட்டவள்

ஆரணிப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். துகிலுரிதல் அன்றைக்குத்தான் கூட்டம் நெரியும். பிரசங்கியார் அந்தக் கட்டத்தை வருஷா வருஷம் ஒரே மாதிரிதான் சொல்வார். திரௌபதி ஒரு கையால் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் கூப்பிட்ட வரைக்கும் கண்ணன் வரவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிய பிறகே சேலை வளர ஆரம்பித்தது. பட்டுத்தறியில் உட்கார்ந்தே முதுகு வளைந்த என் அப்பாவுக்கு இதில் வேறொரு சந்தேகம்: "அத்தனை சேலைக்கும் நெசவுக் கூலி யாருடா குடுத்தது?"

எனக்கு அந்தக் கைதான் உறுத்தும். இரண்டாவது கையை விடாமல் வைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் சர்வர்களுக்கும் ஸ்டோரேஜுக்கும் நெட்வொர்க் அமைக்கிறேன். ரேக்குக்கு இரண்டு ஸ்விட்ச், சர்வருக்கு இரண்டு கேபிள், ஸ்டோரேஜ் பெட்டிக்குள் இரண்டு கன்ட்ரோலர். மின்சாரமும் இரண்டு யுபிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக வரும். இப்படி எல்லாவற்றிலும் ஒரு மாற்று வைத்துக்கொள்கிறவன் இரண்டு கையையும் தூக்கியதாக யார் ஒப்புவார்கள்?

வைணவ ஆசாரியர்கள் இந்த விஷயத்தில் கறார். சரணாகதி செய்பவனுக்குக் கைம்முதலும் இருக்கக் கூடாது, வேறு புகலும் இருக்கக் கூடாது. இதற்கு அவர்கள் காட்டுவது சுந்தர காண்டம். இந்திரஜித்தின் பிரம்மாஸ்திரம் அனுமனைக் கட்டிவிட்டது. அது போதாதென்று அரக்கர்கள் சணல் கயிற்றையும் கொண்டுவந்து சுற்றினார்கள். இன்னொரு கட்டைப் பொறுக்காத அஸ்திரம் அந்த நிமிஷமே விலகிக்கொண்டது. கயிறு மட்டும் மிஞ்சியது. பாதுகாப்புக்கென்று சேர்த்த இரண்டாவது, முதலாவதையும் கெடுத்துவிட்டது.

கதை என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியாது, ஏனென்றால் ஈதர்நெட்டில் இது அப்படியே நடக்கும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண்ணிக்கை ஒன்று உண்டு. ரூட்டரைத் தாண்டும்போதெல்லாம் ஒன்று குறைந்து, பூஜ்யமானதும் செத்துப்போகும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அந்தக் கணக்கே இல்லை. கட்டுப்பாடு ஏதும் வைக்காமல் இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிளைப் போட்டால், எல்லோருக்குமாக அனுப்பிய ஒரு ஃபிரேம் ஒரு கேபிளில் போய் மற்றதில் திரும்பி வந்து, மறுபடி போய், பெருகிப் பெருகிச் சில விநாடிகளில் மொத்த நெட்வொர்க்கையும் மூச்சு முட்ட வைத்துவிடும். ஒற்றைக் கேபிளோடு இருந்திருந்தால் நன்றாகவே ஓடியிருக்கும்.

1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ராடியா பெர்ல்மன் இதற்கு ஸ்பானிங் ட்ரீ என்ற வழி கண்டார். இரண்டு கேபிளும் இருக்கட்டும், ஆனால் ஒன்று வாய்மூடி நிற்கட்டும், மற்றது செத்தால் மட்டும் திறக்கட்டும். பழைய ஸ்பானிங் ட்ரீ அப்படித் திறக்க 30 முதல் 50 விநாடி பிடிக்கும். ஸ்டோரேஜுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. டிஸ்க்குக்கு அனுப்பிய கட்டளைக்கு லினக்ஸ் வழக்கமாகத் தரும் கெடு 30 விநாடி. அதனால் இப்போதெல்லாம் சர்வர் பக்கத்தில் இரண்டு ஸ்விட்சையும் வெளிப்பார்வைக்கு ஒன்றே என்று நடிக்க வைக்கிறோம். இரண்டு கேபிளும் சேர்ந்தே வேலை செய்யும். ஸ்டோரேஜ் பக்கம் நேர் எதிர். ஏ வழியும் பி வழியும் ஒன்றையொன்று தொடவே கூடாது, முகவரி வரிசையே வேறு வேறு, எந்த வழியில் போவது என்று சர்வர்தான் முடிவு செய்யும். அத்வைதியும் துவைதியும் ஒரே ரேக்கில் குடித்தனம். எனக்கு ஸ்டோரேஜ்காரர்களின் துவைதம்தான் பிடிக்கும், தகராறு குறைவு.

இரண்டு என்று எண்ணிக்கை காட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு 1996 ஜூன் 4ஐ நினைவூட்டுவேன். அன்றைக்கு முதன்முதலாகக் கிளம்பிய ஏரியன் 5 ராக்கெட்டில் திசையறியும் கருவி இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒரே மென்பொருள், ஒரே பிழை. மாற்றுக் கருவி முதலில் விழுந்தது, ஒரு விநாடிகூட ஆகவில்லை, ஓடிக்கொண்டிருந்ததும் அதே காரணத்தால் விழுந்தது. கிளம்பி ஒரு நிமிஷம் ஆவதற்குள் ராக்கெட் வெடித்தது. அதனால்தான் இரண்டு ஸ்விட்சிலும் ஒரே ராத்திரியில் ஃபர்ம்வேர் மாற்ற நான் சம்மதிப்பதில்லை.

சரி, கைக்கு வருவோம். துகிலுரிதலை வருஷா வருஷம் பார்த்ததில் எனக்கு ஒன்று பட்டது. அந்தச் சபையில் கையை விட்டவர்கள் இரண்டு பேர். திரௌபதி விட்டது அவளுடைய சேலையை, அவளுடைய மானத்தை. அதற்கு முன்னால் தருமர் நாட்டை விட்டார், தம்பிகளை விட்டார், கடைசியில் அவளையே வைத்து ஆடினார். தன்னைத் தோற்ற பிறகு என்னை வைக்க அவருக்கு ஏது உரிமை என்று அவள் கேட்டதற்கு பீஷ்மராலேயே நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. என் ரேக்கில் இருப்பது ஊராருடைய சம்பளக் கணக்கு, யாரோ ஒரு நோயாளியின் ஸ்கேன். அதைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று ஒற்றைக் கேபிளில் விட்டால் அந்தச் சபையில் என் இடம் தருமருக்குப் பக்கத்தில்.

விபீஷணனோடு நான்கு அரக்கர்கள் வந்தார்களே, அவன் ஒருவன் சரணடைந்ததில் அவர்களும் கரையேறினார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் தெரிந்து, இலங்கையை விட்டு, அவனோடு வானத்தில் பறந்து வந்தவர்கள். ஸ்கேன் எடுத்துக்கொண்டவருக்கு நான் ஒருவன் இருப்பதே தெரியாது.

ஆகவே, ஒப்படைப்பதற்கு முன்னால் 8972 பைட்டில் பிங் அனுப்பிப் பார்க்கிறேன். பாக்கெட் அளவு 9000 பைட் வரை என்று அமைத்த பாதையில் எங்காவது ஒரு போர்ட் 1500இலேயே நின்றிருந்தால் சின்ன பிங் அதைக் காட்டாது. பிறகு ஸ்டோரேஜில் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏ கேபிளை உருவுவேன். திரையில் ஒரு வழி செத்ததாகக் காட்டும், எழுத்து கொஞ்சம் தயங்கி மறுபடி ஓடும். செருகிவிட்டு, அது உயிர்பெற்றதைப் பார்த்த பிறகு பி. பலர் ஏ பக்கம் சோதித்ததோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அம்மாவுக்கு இந்தத் தத்துவம் எதுவும் புதிதல்ல. என் பரீட்சைக்குப் படவேடு ரேணுகாம்பாளுக்கும் வேண்டிக்கொண்டாள், திருப்பதிக்கும் முடிந்து வைத்தாள். தன் மூட்டு வலிக்கு மட்டும் எந்தச் சாமியிடமும் போனதில்லை. "அதெல்லாம் அவனுக்குத் தெரியாதா" என்பாள். பாஸ் பண்ண வைத்தது இரண்டு பேரில் யார் என்று ஒருநாள் வம்புக்குக் கேட்டேன்.

"அது இன்னாத்துக்குடா உனக்கு? அங்க பொங்கல் வெச்சாச்சு, இங்க உங்கப்பனுக்கு மொட்டை போட்டாச்சு. ரெண்டு பேருக்கும் பாக்கி இல்ல."