பெரியோர்கள் மாறுபடுவது ஏன்?

ஸ்ரீஜயந்தி நெருங்குந்தோறும் ஆஸ்திக அன்பர்கள் கேட்பதுண்டு: "கண்ணன் அவதரித்தது ஒரு நாள்தானே, ஸ்வாமி? பஞ்சாங்கத்தில் கோகுலாஷ்டமி, பாஞ்சராத்ர ஸ்ரீஜயந்தி, முனித்ரய ஸ்ரீஜயந்தி என்று தனித்தனியே குறித்திருப்பானேன்? பெரியோர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையா?" இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று.

அவதார வேளையில் தேய்பிறை அஷ்டமியும் ரோகிணி நக்ஷத்ரமும் நள்ளிரவும் ஒருங்கே கூடியிருந்தன. ஆண்டுதோறும் அவை அவ்வாறு கூடுவதில்லை. கூடாதபோது எதற்கு முதலிடம்? ஸ்மார்த்தர்கள் அஷ்டமிக்கு ஏற்றம் தருவர். ஸ்ரீவைஷ்ணவர்கள் ரோகிணிக்குத் தருவர். முந்தைய திதி நக்ஷத்ரங்களின் கலப்பை எவ்வளவு விலக்குவது என்பதில் ஸ்ரீவைஷ்ணவர்களுக்குள்ளும் நிர்ணயம் வேறுபடும். ஏகாதசியும் அத்தகையதே. சூர்யோதயத்தில் தசமி இல்லையெனில் போதும் என்பது ஒரு கொள்கை. அதற்கு 4 நாழிகை, அதாவது 96 நிமிஷம் முந்திய அருணோதயத்திலும் தசமி இருத்தலாகாது என்பது நம்மவர் கொள்கை. மேலும், வாக்யம், திருக்கணிதம் என இருவகைக் கணிதங்கள் உள்ளன. ஆந்திர எல்லையை அடுத்த நம் பொதட்டூர்பேட்டைப் பகுதியிலோ, தமிழர் ஸௌரமானத்தாலும் தெலுங்கு பேசுவோர் சாந்த்ரமானத்தாலும் மாதங்களை எண்ணுகின்றனர்.

ஆகவே மாறுபாடு அறியாமையால் விளைந்ததன்று. சாஸ்த்ரம் சுருங்கச் சொல்கிறது. காலமோ ஆண்டுக்காண்டு புதிய சேர்க்கைகளைக் கொணர்கிறது. அக்னிஹோத்ரத்தைச் சூர்யோதயத்திற்கு முன் செய்க என்றும் பின் செய்க என்றும் வேதமே இருவகையாக விதிக்க, இரண்டும் தர்மமே என்று மனு முடிவு கூறினார். யூதர்களின் சமய நெறியிலும் இவ்வாறே ஹில்லேல், ஷம்மாய் என்னும் இரு ஆசிரியர்களின் மரபினர் பலவற்றில் மாறுபட்டனர். பெரும்பாலும் ஹில்லேல் மரபே நடைமுறையாயிற்று. ஆயினும் கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, ஷம்மாய் மரபினரின் கருத்துகளையும் அழியாது காத்து வைத்தது.

"இரண்டும் தர்மமாயின், எனக்கு வசதியான நாளில் உபவாஸம் இருக்கலாமே" என்று சிலர் எண்ணலாம். அது தகாது. இரு வழிகள் உண்டு என்பது வேறு. நாள்தோறும் வழி மாறுவது வேறு. தறியில் பாவு ஏற்றிய பின் பாதியில் இழைக்கணக்கை மாற்றும் நெசவாளர் உண்டோ? அவரவர் குருபரம்பரை காட்டிய வழியில் நிலைத்து நிற்பதே அனுஷ்டானம். வசதிக்காக மாறுபவன் இரு பெரியோர்களில் எவரையும் பின்பற்றியவன் ஆகான். தன் மனத்தையே பின்பற்றியவன் ஆவான்.

இதனினும் பெருங்குற்றம் பிறரைப் பழித்தல். காஞ்சியில் வடகலை, தென்கலை வழக்கு நீதிமன்றம் ஏறித் தலைமுறை தலைமுறையாக நீடித்ததை நாடறியும். அவ்வளவு தூரம் போவானேன்? புக்ககத்து முறைப்படி விரதம் இருக்கும் மருமகளிடம் அவள் பிறந்தகத்து நாளை ஏளனம் செய்வதும் பாகவத அபசாரமே. நூல்களைக் கற்றவர்கள் மாறுபட்டும் ஒருவரையொருவர் வணங்கினர்; கல்லாத நாம் பகைமையை மட்டும் கைக்கொள்ளலாமா?

திருமலையில் வைகாநஸ முறையிலும், திருவரங்கத்தில் பாஞ்சராத்ர முறையிலும் ஆராதனம் நடைபெறுகிறது. இரண்டையும் ஏற்பவன் ஒருவனே. உத்ஸவம் ஸேவிக்க வந்துள்ள அன்பர்கள் தத்தம் பெரியோர் வகுத்த நாளில் உறுதியும், பிறர் கொண்ட நாளில் மரியாதையும் உடையவர்களாய் வாழ எம்பெருமான் திருவருள் புரிவானாக.