வினையும் விலையும்

ஒரு ராக்கெட்டின் ஆயுள் அதை உருவாக்கும் நிறுவனத் தலைவரின் பதவிக்காலத்தைவிட நீளமானது. பி.எஸ்.எல்.வி. திட்டத்துக்கு 1982-இல் அரசின் ஒப்புதல் கிடைத்தபோது இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவன். 1993 செப்டம்பர் 20 அன்று அதன் முதல் ஏவல் தோற்றபோது தலைமையில் இருந்தவர் யு.ஆர். ராவ். அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே ராக்கெட் வென்றபோது அந்த நாற்காலியில் கஸ்தூரிரங்கன் இருந்தார். விதைத்தவர் ஒருவர், சாவியைப் பார்த்தவர் இன்னொருவர், விளைச்சலைக் கண்டவர் மூன்றாமவர். மூவருக்கும் செலவுக்குப் பணம் தந்தவர்கள் வரி கட்டிய மக்கள். அப்படியானால் அந்த வினை யாருடையது? அதன் பலனும் பழியும் யாரைச் சேரும்? அறத்தைப் பற்றிய இந்தப் பழைய கேள்வி, விண்வெளித் திட்டத்தில் கண்ணெதிரே எழுந்து நிற்கிறது.

1969 ஆகஸ்ட் 15 அன்று இஸ்ரோ தொடங்கியது. அதற்கு வழிவகுத்த விக்ரம் சாராபாய், 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் திடீரென இறந்தார். அப்போது இந்தியாவிடம் சொந்தமாக ஒரு செயற்கைக்கோளும் இல்லை, அதைச் சுமந்து செல்லும் ராக்கெட்டும் இல்லை. எம்.ஜி.கே. மேனன் சில மாதங்கள் பொறுப்பில் இருந்தார். 1972-இல் தவன் வந்தார். இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் பதவியை விடமாட்டேன், தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு வந்தவர் அவர். சாராபாய் கண்ட கனவைத் தவன் நடைமுறை ஆக்கினார் என்று சொல்வது வழக்கம். அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர் செய்தார். தோல்வி வந்தால் அது எங்கே போய் நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு முறையை உண்டாக்கினார்.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 புறப்படச் சில நிமிடங்களே இருந்தன. கணினி ஏவலை நிறுத்தச் சொன்னது. திட்டத்தை வழிநடத்திய அப்துல் கலாம் உடனிருந்த வல்லுநர்களோடு கலந்தாலோசித்து, கணினியின் எச்சரிக்கையை மீறி ராக்கெட்டை ஏவினார். முதல் கட்டம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாவது கட்டத்தில் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்து வங்கக் கடலில் விழுந்தது. மொத்தப் பயணம் 317 விநாடிகள். அன்று செய்தியாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்தவர் தவன். பொறுப்பைத் தன்மேல் ஏற்று, தன் குழுவின்மேல் நம்பிக்கை இருக்கிறது என்றார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. செய்தியாளர்களைச் சந்திக்கும்படி தவன் அன்று அனுப்பியது கலாமை. கலாம் தம் வாழ்நாள் முழுக்க இதை மேடைதோறும் சொல்லிவந்தார். கணினியை மீறியதும் அந்தக் கதையின் பகுதியாகவே இருந்தது. அதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை.

இந்தியச் சிந்தனையில் வினைக்கும் அதைச் செய்பவனுக்கும் உள்ள உறவு நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. பலனில் பற்று வைக்காமல் செய், செய்பவன் நான் என்ற செருக்கை விடு என்பது அதில் ஒரு வலுவான மரபு. அது தனிமனிதன் தன் மனத்துக்குள் பழக வேண்டிய ஒழுக்கம். ஒரு நிறுவனத்துக்கு அது போதாது. ‘பற்றில்லை’ என்று சொல்லும் தலைவர் பழியிலும் பற்றில்லாமல் ஒதுங்கிக்கொள்ள முடியும். தவன் செய்தது வேறு. பலனைக் கைவிட்டார், பழியைக் கைவிடவில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் வினைக்குப் பொருந்தும் பற்றின்மை இதுதான்.

திருக்குறளின் பொருட்பால் வினையின் விலை, வினைக்குரிய ஆள் என்ற இரண்டு கவலைகளையும் தனித்தனி அதிகாரங்களில் எடுத்துக்கொள்கிறது. ‘தெரிந்துசெயல்வகை’ செலவையும் ஆவதையும் பின்னால் வரும் ஊதியத்தையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதில் தொடங்குகிறது. ‘தெரிந்துவினையாடல்’ வினைக்குரிய ஆளைத் தேர்ந்து, அவரிடம் ஒப்படைப்பதைப் பேசுகிறது. அரசனுக்குச் சொல்லப்பட்டவை இவை. ஆனால் நிதிக்குழுவும் நியமனக்குழுவும் இன்று செய்யும் வேலையும் அதுவே.

ஆளைத் தேர்வதில் இஸ்ரோ பெரும்பாலும் உள்ளிருந்தே எடுத்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான சிவன் 1982-இல் சேர்ந்து 2018-இல் தலைவரானார். அவருக்குப் பின் 2022-இல் சோமநாத். 2025 ஜனவரியில், அதே கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த, 1984-இல் பணியில் சேர்ந்த வி. நாராயணன். மூவருமே திரவ உந்து அமைப்பு மையத்தின் இயக்குநர்களாக ஒருவர்பின் ஒருவராக இருந்தவர்கள். தலைமை கைமாறுகிறது, ஆனால் வேலையை அறிந்த கை மாறுவதில்லை. இதில் ஒரு குறையும் உண்டு. ஒரே பள்ளியில் படித்தவர்கள் ஒரே மாதிரி யோசிக்கும் ஆபத்து எந்த நிறுவனத்துக்கும் இருக்கிறது. ஆனாலும் முப்பது நாற்பது ஆண்டு எடுக்கும் வினைக்கு, முன்னவரின் தோல்வியை உள்ளிருந்து பார்த்தவர் வருவதே நல்லது.

சந்திரயான் அதற்குச் சான்று. 2008-இல் ஒப்புதல் பெற்ற சந்திரயான்-2, நான்கு தலைவர்களைக் கடந்து, 2019-இல் சிவனின் காலத்தில் பறந்தது. செப்டம்பர் 7 அதிகாலையில் நிலவின் தரைக்குமேல் சுமார் 2 கிலோமீட்டரில் விக்ரம் தரையிறங்கியின் தொடர்பு அறுந்தது. சிவன் கண்கலங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபோது வெற்றியை அறிவித்தவர் சோமநாத். இரண்டின் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது சுமார் 978 கோடி ரூபாய், இரண்டாவது சுமார் 615 கோடி. புதிய பயணத்துக்குத் தனிச் சுற்றுக்கலன் தேவைப்படவில்லை. 2019-இல் போனதே நிலவைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தது. எதை மாற்ற வேண்டும் என்பதையும் அந்த விபத்தே கற்றுக்கொடுத்திருந்தது. வென்ற பயணத்தின் விலைக்குள் தோற்ற பயணத்தின் விலையும் அடங்கியிருக்கிறது. ஒரு தலைவரின் கணக்கில் செலவையும் இன்னொருவரின் கணக்கில் வரவையும் எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும்.

இந்திய விண்வெளித் திட்டத்தைப் புகழ்கிறவர்கள் முதலில் சொல்வது அதன் மலிவை. மங்கள்யானுக்கு ஆனது சுமார் 450 கோடி ரூபாய். ஆனால் மலிவு என்பது பணத்தால் கொடுக்காததை வேறொன்றால் கொடுப்பது. பி.எஸ்.எல்.வி.க்கு நேரே செவ்வாய்க்கு அனுப்பும் வலிமை இல்லை. ஆகவே 2013 நவம்பரில் ஏவப்பட்ட அந்தக் கலன் பூமியைச் சுற்றிச் சுற்றி, சிறிது சிறிதாகப் பாதையை நீட்டிக்கொண்டு, டிசம்பர் 1 அன்றுதான் புறப்பட்டது. கிட்டத்தட்ட 300 நாட்கள் உறங்கிய அதன் இயந்திரம் மீண்டும் எரியுமா என்று அறிய, 2014 செப்டம்பர் 22 அன்று 4 விநாடி மட்டும் இயக்கிப் பார்த்தார்கள். எரிந்தது. இரண்டு நாள் கழித்துக் கலன் செவ்வாயை அடைந்தது. பணத்துக்குப் பதில் இங்கே கொடுக்கப்பட்டது காலமும் பொறுமையும்.

விகாஸ் இயந்திரத்தின் கதையும் அத்தகையது. 1974-இல் பிரான்ஸுடன் செய்த ஒப்பந்தப்படி, தொழில்நுட்பத்துக்கு ஈடாக இந்தியா பெருமளவு தந்தது தன் பொறியாளர்களின் உழைப்பை. அவர்கள் அங்கே போய் வேலை செய்துகொண்டே கற்றுக்கொண்டு வந்தார்கள். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இன்றும் சோதிக்கப்படும் அந்த இயந்திரம்தான் பி.எஸ்.எல்.வி.யிலும் ஜி.எஸ்.எல்.வி.யிலும் எல்.வி.எம்.-3லும் எரிகிறது. இன்றைய ஏவல் மலிவாக இருப்பதற்கு அன்றைய இளைஞர்களின் வாலிபமும் ஒரு காரணம்.

எந்த மதிப்பீட்டிலும் வராத விலை இன்னொன்று. தும்பாவில் ஏவுதளம் அமைக்க, அங்குள்ள மீனவர்கள் தங்கள் மரிய மகதலேனா தேவாலயத்தையும் குடியிருந்த நிலத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவின் இசைவோடு அது நடந்தது. தேவாலயம் அலுவலகம் ஆயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அந்தக் கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிற்று. தொழுத இடத்தைக் கொடுத்தது ஒரு காணிக்கை, அதில் ஐயமில்லை. ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர் இடம்பெயர்க்கப்பட்டதைக் காணிக்கை என்று சொல்ல முடியாது. கேட்டுக் கொடுத்ததற்கும் கேட்காமல் எடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டை எந்த வெற்றியும் அழித்துவிடாது. இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வெற்றியில் என்ன பங்கு கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் ஏவலின் விலையைக் கணக்கிட வேண்டும்.

ஏவலுக்கு முன் ராக்கெட்டின் சிறு மாதிரியைத் திருமலைக்கு எடுத்துச் சென்று வேங்கடவன் முன் வைப்பது இஸ்ரோ தலைவர்களின் வழக்கமாகிவிட்டது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டம் சொல்லும் நாட்டில் இது பொருந்துமா என்ற கண்டனம் அவ்வப்போது எழுகிறது. பொதுப்பதவியில் இருப்பவர் அந்தப் பதவியோடு சந்நிதிக்குப் போவது சரியா என்பது நியாயமான கேள்வி. ஆனால் வழிபாடு ஒரு வால்வின் கசிவை அடைக்கும் என்று எந்தப் பொறியாளரும் நம்புவதில்லை. செய்ய வேண்டியதைச் செய்து முடித்தபின் தன் கைக்கு அப்பாற்பட்டது எஞ்சியிருக்கிறது என்ற உணர்வின் வெளிப்பாடு அது. பி.எஸ்.எல்.வி. வரிசையில் சி12-க்கு அடுத்து சி14 வந்ததுதான் உறுத்துகிறது. 13 என்ற எண்ணைக் கண்டு அஞ்சுவது பக்திகூட அல்ல, இரவல் பயம். நம்பிக்கை எதுவானாலும் அதற்கு ஒரே ஒரு எல்லை உண்டு: ஏவல் தோற்றால் காரணத்தைத் தேடுவதை அது தடுக்கக் கூடாது, கண்ட காரணத்தை மக்களிடம் சொல்வதையும் தடுக்கக் கூடாது. விலை கொடுத்தவர்களுக்கு அதை அறியும் உரிமை உண்டு.

ஏழை நாட்டுக்கு இந்தச் செலவு தகுமா என்ற கேள்விக்கு சாராபாய் தந்த பதில் மலிவைச் சார்ந்ததல்ல, பயனைச் சார்ந்தது. 1975-76-இல் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி போனதும், இன்று புயல் வருமுன் கடலோர மக்கள் இடம்மாற்றப்படுவதும் அந்தப் பதிலின் தொடர்ச்சி. மலிவு என்பதையே நியாயமாக்கிக்கொண்டவர்கள் ககன்யானுக்கு வந்ததும் திணறுவார்கள். 2018-இல் 10,000 கோடிக்குள் முடியும் என்று சொல்லப்பட்ட மனிதப் பயணத் திட்டம், 2024-இல் விரிவாக்கப்பட்டபோது 20,193 கோடி ஆயிற்று. உயிரைச் சுமக்கும் கலனில் சிக்கனம் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அங்கே ஒவ்வொரு பாகமும் இன்னொரு முறை சோதிக்கப்பட வேண்டும், தப்பிக்கும் வழி ஒன்றையும் தனியே கட்ட வேண்டும்.

அந்தத் தப்பிக்கும் அமைப்பின் முதல் பறப்புச் சோதனை 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தது. விகாஸ் இயந்திரம் பொருத்திய ராக்கெட், ஆளில்லாத கலனைச் சுமந்து நின்றது. புறப்பட 5 விநாடி இருக்கையில் கணினி நிறுத்தியது. இந்த முறை யாரும் அதை மீறவில்லை. சோமநாத் ஒலிபெருக்கியில் ஏவல் நின்றதை அறிவித்தார். காரணத்தைத் தேடிக் கண்டு, சரிசெய்து, காலை 10 மணிக்கு ஏவினார்கள். கலன் ராக்கெட்டிலிருந்து பிரிந்து, பாராசூட்டில் இறங்கி, வங்கக் கடலில் விழுந்தது. கடற்படையினர் அதை மீட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.