விளையாட்டும் கல்வியும்: யார் ஏற்கும் விரதம்?

படாளத்தை உள்ளடக்கிய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே, மாமல்லபுரத்தில், 2022ஆம் ஆண்டு 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடைபெற்றது. பிள்ளையைப் பள்ளியினின்றும் நிறுத்தி ஆட்டத்திற்கே விட்டுவிடலாமா என்று எண்ணும் பெற்றோர் நம் இல்லங்களிலும் உளர்.

அப்போட்டியில் முதற்பலகைக்கான தங்கப் பதக்கம் பெற்ற குகேஷ், நான்காம் வகுப்பிற்குப் பின் முறையான பள்ளிப்படிப்பை நிறுத்தியவர். 2024இல், 18ஆம் வயதில் உலக வாகையர் ஆனார். பிரக்ஞானந்தாவோ, 2022 மே மாதம் பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதிய நாள்களிலேயே, நள்ளிரவு கடந்தும் இணையவழிப் போட்டியில் ஆடி இறுதிச் சுற்றை எட்டினார். இரு வழியும் பலித்தன. பலிக்காத பிள்ளைகளின் பெயர் நாளிதழில் வாராது. அவர்களையும் எண்ணியன்றோ முடிவு செய்தல் வேண்டும்!

பொருள் வரைதல் இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஒன்று. இவ்வளவே போதும் என முன்னரே எல்லை வகுப்பது அது. பயிற்சிக்கு நாளொன்றுக்கு இத்தனை மணி, இத்தனை வயது வரை என்று வரையறுப்பதும் அந்நெறியே. ஆயின் விரதம் என்பது தானே உணர்ந்து ஏற்பது. தந்தை ஏற்க, மகள் நோற்றல் இயலாது. கோப்பையைக் கூடத்தில் வைக்கத் துடிப்பது பெரும்பாலும் பெற்றோரின் மான கஷாயமே. (இவ்வாறு கூறின் சிலர்க்குச் சினம் எழும், அதுவும் கஷாயமே.) "தோற்றாலும் ஆடுவாயா?" என மகளை வினவி, அவள் மறுமொழியை இடைமறியாது கேட்டல் வேண்டும். ஆட்டம் போதும், படிக்கிறேன் என்று அவள் சொல்லும் நாளில், அதுவரை செலவான பணத்தைப் பெற்றோர் நினைவூட்டாதிருப்பதும் பொருள் வரைதலின் பாற்பட்டதே.