திறந்த கதவும் அடைத்த கதவும்

மலையுச்சியில் வாழும் துறவியரைக் காணச் செல்வது மனித குலத்தின் பழைய வழக்கங்களுள் ஒன்று. உலகைத் துறந்த ஒருவன் எளிதில் எட்டாத இடத்தை நாடிப் போகிறான். போனவனைத் தேடி உலகமும் பின்னாலேயே ஏறிச் செல்கிறது. இவ்வழக்கத்தில் ஒரு முரண் உண்டு. அமைதியை நாடிச் செல்லும் ஒவ்வொருவரும் அந்த அமைதியில் ஒரு சிறு பகுதியைக் குறைத்துவிட்டே இறங்குகின்றனர். அங்ஙனமாயின், தனிமையை வேண்டிச் சென்றவர் வாயிலில் போய் நிற்கும் உரிமை நமக்கு உண்டா? நின்றவருக்குக் கதவு திறக்கும் கடமை அவருக்கு உண்டா?

இவ்வினா தமிழருக்குப் புதியதன்று. அறத்துப்பாலை வகுத்த வள்ளுவர் இல்லறவியலை முன்னும் துறவறவியலைப் பின்னும் வைத்தார். துறந்தாரைத் தாங்கும் பொறுப்பை இல்வாழ்வானிடம் ஒப்படைத்தார். விருந்தோம்பலை இல்லறத்துக்குரிய அதிகாரமாக அமைத்தார். ஆயினும் துறவறவியலின் தொடக்கத்தில் அவர் நிறுத்தியது அருளுடைமையை. விருந்தோம்பல் துறவியின் கடமை என்று வெளிப்படச் சொல்லவில்லை. ஆனால் அருளில்லாத துறவு இல்லை என்று குறிப்பால் உணர்த்திவிட்டார். அருளுடைய ஒருவர் தம் கதவை அடைத்துக்கொள்ளலாமா என்பதே நம் முன்னுள்ள சிக்கல். இதற்கு ஆல்ப்ஸ் மலைத் தொடரிலுள்ள இரண்டு கிறித்துவ மடங்கள் இருவேறு விடைகளைத் தருகின்றன.

முதலாவது, இன்றைய சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் பெரிய செயின்ட் பெர்னார்டு கணவாயில் உள்ளது. கடல்மட்டத்துக்கு மேல் 2,469 மீட்டர் உயரத்தில் அமைந்த இக்கணவாய், ரோமானியர் காலம் முதலே வணிகரும் படைகளும் யாத்திரிகரும் நடந்த பாதை. பனிச்சரிவிலும் கொள்ளையரிடமும் சிக்கி மாண்டோர் பலர். ஏறத்தாழ 1050ஆம் ஆண்டில் பெர்னார்டு என்னும் துறவி இவ்விடத்தில் ஒரு சத்திரத்தை நிறுவினார். வழி தவறியவரைத் தேடிச் செல்வதும், விறைத்தவருக்கு நெருப்பும் உணவும் தருவதும் அங்குள்ள துறவியரின் வழிபாட்டிலிருந்து பிரிக்கவியலாத பணிகளாயின. பல நூற்றாண்டுகள் அவர்கள் வந்தவரிடம் கட்டணம் கேட்டதில்லை. இனமோ சமயமோ கேட்டதில்லை. அவர்கள் வளர்த்த நாய்கள் உலகப் புகழ் பெற்றன. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி என்னும் நாய் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்ததாகச் சொல்வர். அதன் உடல் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. 1800ஆம் ஆண்டு மே மாதத்தில் நெப்போலியனின் படை அவ்வழியே கடந்தபோதும் அக்கதவு திறந்தே இருந்தது.

மீட்க முடியாமற் போனவர்களையும் அம்மடம் கைவிடவில்லை. உறைந்த பாறையில் குழி தோண்ட இயலாமையால், இறந்தோர் உடல்களை ஒரு தனிக் கட்டடத்தில் வைத்துக் காத்தனர். என்றேனும் உறவினர் தேடி வந்தால் அடையாளம் காணட்டும் என்பது கருத்து. 1964இல் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின், கணவாயில் ஏறவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஆபத்தில் சிக்கியோரை இன்று ஹெலிகாப்டர்கள் மீட்கின்றன. ஆயினும் சத்திரம் மூடப்படவில்லை. குளிர்காலத்தில் சாலை அடைபட்ட பின்னும், பனிச்சறுக்கில் ஏறி வருவோரை அங்குள்ள சிறு துறவியர் குழு வரவேற்கிறது.

இரண்டாவது மடம், பிரான்சில் கிரெனோபிள் நகருக்கு அருகிலுள்ள மலைகளில் இருக்கும் கிராண்ட் ஷார்த்ரூஸ். 1084ஆம் ஆண்டில் புரூனோ என்பவர் ஆறு தோழர்களுடன் வந்து நிறுவியது அது. 1132இல் பனிச்சரிவு ஒன்று அம்மடத்தை அழித்துத் துறவியர் சிலரைக் கொன்றது. எஞ்சியோர் சற்றுத் தாழ்வான இடத்தில் மீண்டும் கட்டினர். 1903இல் அரசு அவர்களை வெளியேற்றியது. 1940இல் திரும்பி வந்தனர். இங்கே ஒவ்வொரு துறவிக்கும் தனி இல்லமும் சிறு தோட்டமும் உண்டு. உணவு சுவரிலுள்ள சிறு திறப்பின் வழியே வரும். கூடிப் பேசுவது பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறை, மலையில் உலாவும்போது மட்டுமே. பார்வையாளர் எவரும் உள்ளே செல்ல இயலாது. அவர்களுக்கென மடத்துக்குக் கீழே தனியே ஓர் அருங்காட்சியகம் அமைத்துள்ளனர். அதற்கு மேல் போகவேண்டா என்பதே அதன் பொருள்.

செர்மானியத் திரைப்பட இயக்குநர் பிலிப் குரோனிங், இம்மடத்தைப் படமெடுக்க 1984இல் இசைவு கேட்டார். விடை வர ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் ஆயின. அவர் அவ்விடையை மதித்தார். செயற்கை ஒளியின்றி, பின்னணி விளக்கவுரையின்றி, தனியொருவராகத் தங்கிப் படமெடுத்தார். 2005இல் வெளிவந்த அப்படம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடுவது. பேச்சு மிகக் குறைவு. மடத்தின் வருவாய்க்கு அடிப்படையாக இருப்பது துறவியர் மூலிகைகளால் வடிக்கும் ஒருவகை மது. அதற்கு உலகெங்கும் கேட்பு பெருகியபோது, உற்பத்தியைக் கூட்டுவதில்லை என்று அவர்கள் முடிவு செய்தனர். தொழில் பெருகினால் தனிமையும் வழிபாடும் குன்றும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஒரு மடம் கதவைத் திறந்தே வைத்தது. மற்றொன்று அடைத்தே வைத்தது. இவ்விரண்டில் எது அறம்? முன்னதைப் போற்றிப் பின்னதைத் தன்னலம் என்று பழிப்பது எளிது. ஆனால் வாயிலில் நிற்பவர் யார் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். பெர்னார்டு கணவாயில் கதவைத் தட்டியவன் குளிரில் சாகக் கிடந்த வழிப்போக்கன். ஷார்த்ரூஸ் மடத்துக்கு வருபவரோ பெரும்பாலும் ஆவலால் வருபவர். உயிர்த்தேவையோடு வந்தவனுக்குக் கதவடைப்பது கொடுமை. ஆவலோடு வந்தவனுக்குக் கதவடைப்பது கொடுமையன்று. துறவி தன் தனிமையைக் காப்பதால் நாம் இழப்பது ஒரு காட்சி மட்டுமே. அதைக் காவாதொழிந்தால் அவன் இழப்பதோ தன் வாழ்வின் பொருள் முழுவதையும்.

அறிவெல்லாம் ஆவலிலிருந்தே பிறக்கின்றதே, அதனை இழிவாகக் கருதலாமா என்று ஒருவர் வினவலாம். தக்க வினாவே இது. இதற்கு விடை காண, எகிப்தின் சினாய் மலையடிவாரத்திலுள்ள தூய கேத்தரின் மடத்தின் கதையை நோக்குவோம். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசன் கட்டுவித்த அம்மடத்தில், பல நூற்றாண்டுகள் பெருவாயில் அடைபட்டே இருந்தது. வருபவரைக் கயிறு கட்டிக் கப்பியால் மேலே தூக்கினர். அத்தகைய காவலில்தான் கிறித்துவ வேதத்தின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளுள் ஒன்று, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அழியாமல் இருந்தது. செர்மானிய அறிஞர் திசெண்டார்ஃப் 1844இல் அங்கே சென்று சில ஏடுகளைக் கொண்டுவந்தார். 1859இல் மீண்டும் சென்று, திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்து, பெரும்பகுதியை எடுத்துச் சென்றார். அது ரஷ்யப் பேரரசரிடம் சேர்ந்தது. 1933இல் சோவியத் அரசு அதனை ஒரு லட்சம் பவுனுக்குப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்றது. அவர் எழுதிக் கொடுத்த சீட்டு இன்றும் மடத்தில் உள்ளது, ஏடுகள் திரும்பவில்லை.

அந்த அறிஞரின் ஆவலால் உலகுக்கு ஓர் அரிய நூல் தெரிய வந்தது என்பது உண்மை. மடத்தாரின் உள்ளத்தில் ஆறாத புண் ஒன்று உண்டானதும் உண்மையே. ஆனால் 2009இல், அந்த மடமும் ஏடுகளை வைத்திருக்கும் மற்ற மூன்று நிறுவனங்களும் ஒன்றுகூடி, கிடைத்த ஏடுகள் அனைத்தின் ஒளிப்படங்களையும் யாவரும் காணுமாறு கணினி வழி வெளியிட்டன. பெயர்த்து எடுக்காமலும் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதை அச்செயல் காட்டியது. ஆகவே குற்றம் ஆவலில் இல்லை. உரியவரின் இசைவைக் கடந்து செல்லும் ஆவலிலேதான் இருக்கிறது.

இதே பாடத்தைச் சற்று நகைச்சுவையோடு சொல்லும் இடம் கிரேக்க நாட்டின் மெத்தியோரா. செங்குத்தான பாறைத் தூண்களின் உச்சியில் அமைந்த அம்மடங்களுக்கு முற்காலத்தில் ஏணியிலும் கயிற்று வலையிலுமே ஏற முடிந்தது. 1920களில் பாறையில் படிகள் வெட்டப்பட்டன. இன்று ஆறு மடங்களில் துறவியர் வாழ்கின்றனர்; பேருந்துகளில் கூட்டம் வருகிறது. 1981இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்டு படம் ஒன்றை அங்கே எடுக்க முயன்றபோது, துறவியர் தங்கள் துவைத்த துணிகளையெல்லாம் வெளியே தொங்கவிட்டுப் படப்பிடிப்பைக் குலைத்தனர். வேண்டா என்ற சொல் காதில் ஏறாதபோது, ஈரத்துணியைக் கொண்டுதான் பேச வேண்டியிருந்தது.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. வடபுலத்து நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் லடாக்குக்கும் ஸ்பித்திக்கும் பூட்டானுக்கும் செல்வது இன்று இயல்பாகிவிட்டது. லடாக் 1974இல் சுற்றுலாவுக்குத் திறந்துவிடப்பட்டது. திக்சே மடத்தில் அதிகாலை வழிபாட்டின்போது அயலாருக்கும் அமர இடம் தருகின்றனர். ஸ்பித்தியில் 996ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தாபோ மடத்தின் மண் சுவர்களில் ஆயிரமாண்டுப் பழமையுள்ள ஓவியங்கள் உள்ளன. பூட்டானின் புலிக்குகை மடம் 1998இல் தீக்கிரையாகி, பின்னர் பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டது. அங்கே உள்ளே நுழையுமுன் புகைப்படக் கருவிகளை வெளியே வைத்துவிட வேண்டும். இக்கதவுகள் முழுவதும் திறந்தவையும் அல்ல. முழுவதும் அடைத்தவையும் அல்ல. ஓர் அளவோடு திறந்தவை. அந்த அளவை வகுக்கும் உரிமை வீட்டாருடையது. மதிக்கும் கடமை விருந்தினருடையது.

அளவு என்பது கதவோடு முடிவதன்று. லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டரே. பனி உருகி வரும் நீரைக் கொண்டு அங்குள்ளோர் பார்லி விளைவிக்கின்றனர். நீர் தேவைப்படாத உலர் கழிப்பிடங்களை வைத்து வாழ்கின்றனர். நாம் விடுதியில் தாராளமாகத் திறந்துவிடும் குழாய் நீர் அந்த வயல்களின் பங்கு. சுற்றுலாவால் அப்பள்ளத்தாக்குகளுக்கு வருவாய் வருவதும் மெய்யே. எனவே போகவேண்டா என்பது என் கருத்தன்று. வழிப்போக்கனுக்கு உயிர்த்தேவையே உரிமை தருகிறது. அத்தகைய தேவையின்றிச் செல்லும் நாம் விருந்தினராகவேனும் செல்லவேண்டும். சீட்டு வாங்கியதனால் எல்லாம் நமக்கு உரியதாயிற்று என்று எண்ணும் வெறும் பார்வையாளர்களாகச் செல்லலாகாது.

இந்த வேறுபாட்டை உணர்வது புலம்பெயர்ந்து வாழும் நமக்குக் கடினமன்று. முகவரி எழுதிய ஒரு துண்டுத் தாளோடு மொழி தெரியாத நகரில் இறங்கி, அறியாத ஒருவர் கதவைத் தட்டிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் உள்ளது. அன்று கதவு திறந்தவர்கள் நமக்குச் செய்தது அருள். நாம் அவர்கள் வீட்டின் பழக்கத்துக்கு அடங்கி, சமையலறை எது, பூசையறை எது என்று அறிந்து நடந்தது நம் நன்றி. மலைமடத்தின் வாயிலில் மிதியடியைக் கழற்றும்போது நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது இவ்வளவே: இது நமக்காகக் கட்டிய இடமன்று, நம்மை உள்ளே விட்டிருக்கிறார்கள்.